பக்கம் நூற்று நாற்பத்து மூன்று

கஸ்தூரியார் வீதி அச்சகத்து மேல்மாடிக்கு
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்
சணல் கயிற்றால் கட்டி வந்தது.
புனைபெயர் நீலாம்பரன்.
பற்றுச்சீட்டில் சத்தியரூபன், இணுவில்,
மின்சார மீற்றர் வாசிக்கிறவர்.

மெய்ப்புப் பார்ப்பது என் தொழில்.
முதல் பக்கத்திலேயே நிலவு பாலைப் பொழிந்தது.
இரண்டாம் பக்கத்திலும்.
நாயகியின் கண்கள் மீன்,
ஏழாம் அத்தியாயத்தில் மான்,
பத்தில் அவளுக்குப் பெயரே வேறு.
அரசன் அரைப் பக்கம் சிரிக்கிறான்.
எண்ணிப் பார்த்தேன், அறுபத்து நாலு 'ஹா'.
ஆச்சரியக்குறிகள்
விளக்கடியில் விழுந்த ஈசல்களாய்
வரிக்கு வரி செத்துக் கிடந்தன.

ஆனால் கதை!
(எனக்கும் தொற்றிவிட்டது.)

கோப்பாயில் கிணறு இறைக்கப் போன ஒருவன்
இடுப்பளவு சேற்றில் நிற்கையில்
சுண்ணக்கல் சுவரில் கதவொன்றைக் காண்கிறான்.
குடாநாட்டுக் கிணறுகளுக்கெல்லாம்
அடியில் ஒன்றுக்கொன்று வழி.
கயிறு அறுந்து விழுந்த வாளிகள் அத்தனையும்
அங்கே ஓர் அரசனின் களஞ்சியத்தில்.
ஒவ்வொரு வாளிக்குள்ளும்
அதை விழவிட்டவரின் அந்த நேரத்துக் குரல்:
ஒரு 'ஐயோ', ஒரு தூஷணம்,
பாதி கூப்பிட்ட ஒரு பெயர்.
இவன் தேடி வந்தது தங்கச்சியின் குரலை.
கையில் வாள் கிடையாது.
பாதாளக்கரண்டி.
ஒன்றை எடுத்தால்
தன் குரலை அங்கே வைத்துவிட்டுப் போகவேண்டும்.

அந்த இடத்தில் சிவப்புப் பேனையை மூடி வைத்தேன்.
தேத்தண்ணி ஆடை கட்டிற்று.
வளவு வளவாய் நுழைந்து
நாய்க்குப் பயந்து கிணற்றுக்கட்டில் ஏறி நின்ற
ஒரு மனிசனுக்குத்தான் இது தோன்றும்.

நூற்று நாற்பத்து மூன்றில் கதவு திறக்கிறது.
அங்கே எழுதியிருந்தார்:
'அந்தோ! அக்காட்சியை வர்ணிக்க
வார்த்தைகளே இல்லை!!'

அட பாவி.
இவ்வளவு பாலும் மீனும் மானும் தாண்டி
நான் வந்தது அதற்குத்தானே.

வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன்.
ஹெல்மெற்றை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.
உள்ளே என்ன இருந்தது என்று கேட்டேன்.
'வாளியளக்கா.
எல்லாம் கவிட்டு வைச்சுக் கிடக்கு.
தகர வாளி, றப்பர் வாளி,
பனையோலைப் பட்டையும் ரெண்டு மூண்டு.
கவிட்டுக் கிடந்தாலும் தண்ணி ஊத்துப்படேல்ல.
கிட்டப் போய்க் காது வைச்சா
வாளி கொஞ்சம் சூடா இருக்கும்.
ஆரோ இப்பத்தான் கையெடுத்த மாதிரி.'

இதை எழுதுங்கோவன், என்றேன்.
சிரித்தார்.
'இது சும்மா கதைக்கிறதக்கா.
எழுத்தெண்டா வேற.'

இரண்டு கிழமை கழித்துத் திருத்திய பிரதி வந்தது.
நிலவு இன்னும் பொழிந்தது,
இப்போது பாலும் தேனும்.
நூற்று நாற்பத்து மூன்றை நடுக்கத்தோடு புரட்டினேன்:
'அந்தோ! சொற்கள் அற்றுப் போயின!!'

பதினெட்டு வருடத்தில்
பிறர் எழுத்தில் ஒரு சொல் நான் சேர்த்ததில்லை.
நிலவுகளைக் குறைத்தேன். ஹாக்களில் மூன்றை விட்டேன்.
மற்றப்படி என் வரிகள் துப்புரவானவை,
எவரும் இறங்கிப் பார்க்கத் தேவைப்படாதவை.
பென்சிலால் ஓரத்தில் எழுதினேன்:
வாளி கொஞ்சம் சூடா இருக்கும்.
அழித்தேன்.
பிறகு அந்த அந்தோவை வெட்டினேன்.

பின்னேரம் பக்கம் வடிவமைக்கிற வினோதா
கீழேயிருந்து போன் எடுத்தாள்.
'அக்கா, நூற்று நாப்பத்து மூண்டில
கதவு திறந்த பிறகு
ரெண்டு வரி விடுபட்டிருக்கோ?'

ஓம், என்றேன்.
விடுபட்டிருக்கு. இடம் விட்டு வையும்.
அவரைக் கூப்பிட்டிருக்கிறன்.