பெட்ரோல் மூடிக்கு மேலே ஓர் உள்ளங்கை

தின்னர் ஊற்றியது நான்தான்.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கரூர் வெங்கமேட்டில் எங்கள் வீட்டுக்கு மேற்கே
பஸ் பாடி கட்டும் பட்டறை.
ஆடிக்காற்று கூரைத் தகரத்தை
ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் மத்தியானம்
திருச்சி லைனுக்குப் போகிற புது வண்டிக்குக்
கிளிப்பச்சை அடித்திருக்கிறார்கள்.
படுதா ஒரு முனையில் அவிழ்ந்திருக்கிறது.
நாவல்பழ நிறத்தில் சும்மா நின்ற எங்கள் காருக்கும்
ஒரு பங்கு வந்துவிட்டது.

தூசி என்றுதான் நினைத்தோம்.
ரேணுகா மூன்று வாளி ஊற்றிக் கழுவினாள்.
தண்ணீர் வழிந்து போனது,
அது போகவில்லை.
தடவினால் உப்புத்தாள்.

அறுபது தவணையில் பதினொன்று கட்டியிருக்கிறோம்.
மிச்சக் கணக்கு அவள் தலையில் ஓடிக்கொண்டிருக்க
என் கால் அலமாரிக்கு ஓடியது.
ஜன்னல் கம்பிக்கு வாங்கி மிஞ்சிய அரை லிட்டர்,
கிழிந்த பனியன்,
பெட்ரோல் மூடிக்கு மேலே நாலே தேய்ப்பு.
பச்சை போயிற்று.
கூடவே பளபளப்பும்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
பனியனை வாங்கி முகர்ந்தாள்,
சுருட்டிக் குப்பையில் போட்டாள்.
திட்டியிருக்கலாம்.

சண்டைக்குத்தான் பட்டறைக்குப் போனோம்,
வசனம்கூடத் தயாராக வைத்திருந்தேன்.
பெயிண்டர் அன்சாரி, பள்ளபட்டிக்காரர்,
இமை முடியெல்லாம் பச்சை.
"தப்பு எங்களுதுதானுங்க" என்று எழுந்தார்.
என் வசனம் வாயிலேயே ஊறிப்போனது.

காரைச் சுற்றி வந்தார்.
சிகரெட் டப்பாவின் கண்ணாடித்தாளை உருவி
விரலில் மாட்டி பானெட்டைத் தடவினார்.
"வெறும் விரல் பாதி பொய் சொல்லுமுங்க."
அந்த மங்கலுக்கு வந்ததும் விரல் நின்றது.
என்னைப் பார்க்கவில்லை.
நல்ல மனுஷன்.

பையனை அனுப்புகிறேன் என்றார்.
"வேண்டாமுங்க, எப்படின்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.
சோப்புக் கட்டி அளவில் ஒரு களிமண் கொடுத்தார்.
"வெயில்ல வேண்டாம். நனைச்சிட்டே இருக்கோணும்.
அமுக்காதீங்க, வழுக்கி உடுங்க.
கீழே உளுந்துட்டா அதை எடுக்கவே கூடாதுங்க,
மண்ணு ஏறிக்கும், அப்புறம் அதுவே கீறிப்போடும்."

நாலு சாயங்காலம்.
திரைச்சீலை ஏற்றுமதிக் கம்பெனிக் கணக்கை மூடிவிட்டு
ஆறரைக்கு வருவாள்,
முந்தானையைச் செருகிக்கொண்டு
சப்பாத்தி மாவுபோல் அதைத் தட்டுவாள்.
எனக்கு ஷாம்பு தண்ணீர் அடிக்கிற வேலை.
எங்களுக்குள் ஒரே ஒரு சொல் புழங்கியது:
"தண்ணி."

முதலில் சரசரவென்று ஒரு சத்தம்.
நாலைந்து முறை போய்வந்தால்
சத்தம் அடங்கிவிடும்,
அடங்கிய இடத்தில் தெருவிளக்கு விழும்.
களிமண்ணைத் திருப்பினால் பச்சைப் புள்ளிகள்.
உள்ளே மடித்து, பிசைந்து,
வெள்ளைப் பக்கத்தை வெளியே எடுத்து
மறுபடியும் ஒரு முழம்.

மூன்றாம் நாள் கட்டி நழுவித் தரையில் விழுந்தது.
குனிந்தேன்.
"தொடாதீங்க."
எங்கே போய் இன்னொன்று வாங்க என்று நான் விழிக்க,
உள்ளே போய்ப் பாதிக் கட்டியோடு வந்தாள்.
முதல் நாளே கத்தியால் இரண்டாக வெட்டி
மூடிபோட்ட டப்பாவில் வைத்திருந்தாளாம்.
எந்த நாலு தேய்ப்புக்குப் பிறகு
அவளுக்கு இப்படி யோசிக்கத் தோன்றியது என்று
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கண்ணாடிக்கு மட்டும் பிளேடு.
கடைசியில் மெழுகு.
ஞாயிற்றுக்கிழமை அன்சாரி வந்து
கண்ணாடித்தாள் விரலால் ஒரு சுற்று தடவி
தலையை ஆட்டினார்.
மங்கலைக் காட்டி
"மெஷின் பாலிஷ் போட்டா முக்கால்வாசி தெளிஞ்சிரும்" என்றார்.
"இருக்கட்டுமுங்க" என்றாள்,
டீ கொண்டுவர உள்ளே போனாள்.

இன்று ஈரோடு ரோட்டு பங்கில்
பெட்ரோல் அடிக்கிற பெண்
மூடியைத் திருகிவிட்டு,
அழுக்கென்று நினைத்துப்
புறங்கையால் அங்கே தேய்த்தாள்.
பக்கத்து சீட்டில் ரேணுகா
மீட்டர் சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அது போகாதும்மா" என்றேன்.
அவள் கேட்காமல்
இன்னும் கொஞ்சம் தேய்த்தாள்.