முடித்துவைக்கப்பட்டது

அரை அரிசி அளவுதான்.
நீல ரப்பர்.
மாங்கூழ் டின்னிலிருந்து யாரோ கரண்டியால் எடுத்து
பிளாஸ்டிக் உறையில் போட்டு
கடல் தாண்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.
மூன்றாவது வருஷம். மூன்றாவது உறை.

பரதராமி தாண்டி, சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் ஆலை.
கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய லாரிகள்
சித்தூரிலிருந்து வரிசையாக வருகின்றன.
சாவடிக்காரர் காகிதத்தைப் பார்க்கிறார்,
முத்திரை குத்துகிறார்,
தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பதில்லை.
காருக்குள் சிரித்துக்கொண்டேன்.
சிரித்திருக்கக் கூடாது என்பது
பிறகுதான் தெரிந்தது.

தர மேலாளர் எத்திராஜுலு
கோப்பை என் பக்கம் தள்ளுகிறார்.
முதல் வருஷம்:
மூலகாரணம், ஊழியரின் கவனக்குறைவு.
திருத்த நடவடிக்கை, பயிற்சி அளிக்கப்பட்டது.
இரண்டாம் வருஷம்:
மூலகாரணம், ஊழியரின் கவனக்குறைவு.
திருத்த நடவடிக்கை, மீண்டும் பயிற்சி அளிக்கப்பட்டது.
தடுப்பு நடவடிக்கை, சுவரில் எச்சரிக்கைப் பலகை.

பலகை இருக்கிறது, மறுக்கவில்லை.
மூன்று மொழியில் 'கவனம்' சொல்கிறது.
அதன் பின்னால் பல்லி முட்டை இரண்டு.

பயிற்சிப் பதிவேட்டில் இருபத்திரண்டு கையெழுத்து.
ஒரே பேனா, ஒரே சாய்வு.
மாசியில் பிரசவத்துக்குப் போன முனிலட்சுமியும்
சித்திரையில் வந்து போட்டிருக்கிறாள்.
"பச்சை உடம்போடு வந்தாளா?" என்றேன்.
எத்திராஜுலு எழுந்துபோய்
ஃபேனைக் கூட்டி வைத்தார்.

ஐந்து முறை 'ஏன்' கேட்க வேண்டும் என்பது முறை.
இவர்கள் இரண்டில் நின்றிருந்தார்கள்.
இரண்டாவது ஏனுக்கே
தேசம்மா கிடைத்துவிட்டாள்.
ஒரு பெயர் கிடைத்த பிறகு
எவரும் அடுத்த ஏன் கேட்பதில்லை.

அன்று ராத்திரி ஷிப்டில் நின்றேன்.
மணி இரண்டு. குழாய் கழுவி முடிந்தது.
தேசம்மா இணைப்பைத் திருகித் திறக்கிறாள்.
நீல வளையத்தை எடுத்து
வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைத் தடவுகிறாள்.
ஓரம் அரித்திருக்கிறது.
அவளுக்குத் தெரிகிறது,
எனக்கு முன்பே தெரிகிறது.
பிறகு தோசையைப் போலத் திருப்பிப் போட்டு
மூடுகிறாள்.

"ஏன்?"
"புதுசு ஸ்டோர்ல கீது மேடம்."
"எடுக்கலாமே?"
"பூட்டிக் கீது."
"சாவி?"
"ஆறு மணி பஸ்ஸுல சித்தூருக்குப் போயிடும்.
காலையில எட்டுக்குத்தான் திரும்பி வரும்."

சொல்லிவிட்டு பம்பைப் போட்டாள்.
மூன்று வருஷத்து மூலகாரணம்
டிக்கெட் எடுத்துக்கொண்டு
தினமும் மாநில எல்லை தாண்டியிருக்கிறது.

காலையில் போன வருஷத் தாளைப் புரட்டினேன்.
'நடவடிக்கையின் பலன் சரிபார்க்கப்பட்டது.
திருப்தி. முடித்துவைக்கப்பட்டது.'
கீழே, கடைசி எழுத்தின் கால்
அவசரமாகக் கட்டத்தை விட்டு ஓடும்
ஒரு கையெழுத்து.
என்னுடையது.

அன்று நல்ல மழை.
காட்பாடியில் ஐந்து மணிக்கு ரயில்.
செருப்பு நனைய வேண்டாமென்று
வாசலில் நின்றே பலகையைப் பார்த்தேன்.
புதிதாக, பளிச்சென்று இருந்தது.
ஸ்டோர் எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்கவில்லை.

"இன்னொரு தடவ பயிற்சி குடுத்துடலாமா மேடம்?"
"யாருக்கு?" என்றேன்.
மூடி கழற்றிய பேனாவோடு
எத்திராஜுலு உண்மையிலேயே
ஒரு பெயருக்குக் காத்திருந்தார்.

முதல் வரியில் என் பெயரை எழுதினேன்.
அடுத்த வரியில் சாவி.
சரிபார்க்கும் நாள் என்ற கட்டத்தில்
'ஆனியில் ஏதோ ஒரு ராத்திரி' என்று எழுதினேன்.
தலைமை அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பும்,
தேதி கேட்டு.

வாசலில் ஷிப்ட் முடிந்து தூக்குச்சட்டியோடு தேசம்மா.
"இந்த வருஷமும் பயிற்சி வைப்பாங்களா?"
"போன வருஷம் நீ கையெழுத்துப் போட்டாயே,
என்ன சொல்லிக்கொடுத்தார்கள்?"
"கையெழுத்தா? எனக்கு ரேகைதான் மேடம்"
என்று கட்டைவிரலைக் காட்டினாள்.
நகக்கண் வரைக்கும்
மாம்பழ மஞ்சள்.