05326

இரவு பதினொன்றுக்குக் கதவைத் தட்டினாள்
மேல்மாடி தாரின்கா,
மடிக்கணினியைச் சுடுசட்டிபோல் ஏந்தி.
"மில்கோ என்று அடித்தால்
05326 என்கிறது."

காபி கொட்டினாயா என்றேன்.
இல்லை என்றாள், கொஞ்சம் அவசரமாக.
கவிழ்த்துத் தட்டினேன்:
கசகசா உதிர்ந்தது, ரொட்டித்தூள்,
வெட்டிய நகம் ஒன்று.
அணைத்தேன். எழுப்பினேன்.
மொழி ஸ்லோவேனியம்தானா என்று பார்த்தேன்.
மாரிபோரில் வேறென்ன இருக்கும்,
ஸ்லோவேனியம்தான்.

அப்புறம்தான் உறைத்தது.
இடக்கை எழுத்துகள் யோக்கியமாகவே இருந்தன,
வலப்பக்கம் மட்டும்
கணக்குப்பிள்ளை புகுந்திருக்கிறார்.
ஓரத்தில் ஊசிமுனையளவு விளக்கு.
எண்பூட்டு.
இரண்டு விசைகளைச் சேர்த்து அமுக்கினேன்,
அணைந்தது.

"இப்போது அடி."
மில்கோ வந்தான்,
முழுசாக, ஐந்தெழுத்தில்.

அவள் விரல் எடுத்துக்கொண்டாள்.
அதற்கு மேலே, பூட்டோடு அடித்த நாற்பது வரிகள்
பாதி எழுத்து பாதி எண்ணாய்க் கிடந்தன.
நான் படிக்கவில்லை.
ஆனாலும் 05326
வரிக்கு வரி வந்தது கண்ணில் பட்டது.

திராவா பாலத்தில் ஏதோ லாரி
வெகுநேரம் போய்க்கொண்டிருந்தது.

"அந்த விளக்கை
மறுபடி போட முடியுமா?" என்றாள்.

எந்த விசைகள் என்று
காட்டிக் கொடுத்தேன்.