ஊர்க்காசு

புறப்படும் முன்பே ராட்ரிக் ஏழு உறைகளில் பணம் பிரித்திருந்தான்,
நாளுக்கு ஒன்று, மேலே பென்சிலில் கிழமை.
இரண்டாம் கல்யாணத்துக்குத் தேனிலவு இவ்வளவுதான்.
மான்செஸ்டரில் இரவுப் பேருந்து ஓட்டுகிறவன்
சில்லறையை நம்புவான், கடன் அட்டையை நம்பமாட்டான்.

முதல் மாலையே ஞாயிறு உறை காலி.
மலைமேல் விடுதியில்
இரண்டு சிகரங்களும் தெரிகிற மேசை,
ஒரு மீன்துண்டு, அதன்மேல் ஏதோ ஒரு பூ.
தண்ணீருக்கும் விலை.
திங்கள் உறையின் வாயையும் கிழிக்க வேண்டி வந்தது.
இறங்கும்போது அவன் பேசவே இல்லை.
நான் அந்தப் பூவைத் தின்றேனா இல்லையா என்று
யோசித்துக்கொண்டே நடந்தேன்.

காலையில் பசிதான் வழி கேட்டுக் கூட்டிப் போனது.
சூஃப்ரியேர் மீன்துறைக்குப் பின்னால்
வலை காயும் சுவரோரம் ஒரு நீலப் பலகைக் கடை.
பெயர் எழுதவில்லை. வரிசை இருந்தது.
ரப்பர் பூட்ஸோடு படகுக்காரர், சீருடையில் மூன்று சிறுமிகள்,
ஒரு போலீஸ்காரர், எங்களுக்கு முன்னால் பாதிரியார்.
சட்டமும் வேதமும் கால்கடுக்க நிற்கிற இடத்தில்
சாப்பாடு பொய் சொல்லாது என்றான்.

'முதலில் போன்ஜூ சொல்' என்றாள் யூரேலியா,
எண்ணெயிலிருந்து கண்ணெடுக்காமல்.
'காசை அப்புறம் காட்டு.'

சொன்னோம்.
உப்பிய ரொட்டிக்குள் உதிர்த்த உப்புமீன்,
ஜாதிக்காய் மணக்கிற கொக்கோ தேநீர்.
இருவருக்கும் பதினாறு ஊர்க்காசு.
ஆறு அமெரிக்க டாலர்கூட இல்லை.
ராட்ரிக் இரண்டு தடவை வகுத்துப் பார்த்தான்,
பிறகு இன்னொரு ரொட்டி வாங்கினான்.

இங்கே வாழைக்காயை அத்தி என்கிறார்கள்.
அது அத்தியே இல்லை என்று வாதாடிப் பார்த்தேன்.
'தின்றுவிட்டுப் பேசு.'
தின்றேன். அத்திதான்.

புதனன்று வெந்நீர் ஊற்றில் சேறு பூசிக்கொண்டு
சாவகாசமாக இரண்டு மணிக்குப் போனால்
பானைகள் கவிழ்ந்திருந்தன.
பன்னிரண்டரைக்குப் பிறகு பசிக்கிறவன்
மலைக்குத்தான் போக வேண்டும் என்று சிரித்தார் படகுக்காரர் செப்டிமஸ்.
அன்று இரவு வரை பிஸ்கட், மூன்று மாம்பழம்.
உறையில் மிச்சம் இருந்தது,
வயிற்றில் இல்லை.

வியாழக்கிழமை பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள்
பன்றிவால் போட்ட சிவப்பு அவரைச் சூப்பை
ஊதி ஊதிக் குடித்துவிட்டு
திரும்பிப் பாராமல் சொன்னாள்:
'நீங்கள் பூவைத் தட்டிலேயே விட்டுவிட்டீர்கள்.'

இக்னேஷியா. பையில் மடித்த விடுதிச் சீருடை.
மேலே உள்ள மீன் பெட்டியில், பனிக்கட்டியோடு, விமானத்தில் வருகிறதாம்.
மாமா பிடிப்பது இந்தச் சுவரைத் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும்.
அங்கே உட்கார்ந்து சாப்பிட்டதுண்டா என்று கேட்டேன்.
'நிற்கத்தானே சம்பளம்.'
ஆறு ஊர்க்காசை வைத்துவிட்டு வேனுக்கு ஓடினாள்.

கடைசி மாலை
அந்த மேசையோடு ஒரு கணக்கு பாக்கி என்றான் ராட்ரிக்.
ஏறினோம். ஒரு சூப், இரண்டு கரண்டி கேட்டோம்.
அறிமுகமே இல்லாதவள்போல்
மாலை வணக்கம் ஐயா, அம்மா என்று
கிண்ணத்தை வைத்தாள் இக்னேஷியா.
மடித்த துணிக்குள் ஏதோ உருண்டது:
இருமல் மருந்துக் குப்பி,
உள்ளே யூரேலியாவின் மஞ்சள் மிளகாய்.

மூன்று சொட்டு போதும் என்று அவள் கண் சொன்னது.
நான் ஐந்து விட்டேன்.
சிகரங்களுக்கு நடுவே சூரியன் இறங்க,
பக்கத்து மேசைக்காரி என் கண்ணீரைப் பார்த்து
தன் கணவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.
மிளகாய் என்று நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை உறையைப் பிரிக்காமலே
தட்டின் அடியில் சொருகினான் ராட்ரிக்.

பத்து மணிக்கு மறுபடி பசித்தது.
கீழே போய்ப் பார்த்தோம்.
பலகை சாத்தியிருந்தது,
சுவரில் வலை மட்டும்.