எழுபத்தைந்தா, எண்பதா

நரினுக்கும் பிஷ்கெக்குக்கும் ஓடும் பங்கு டாக்ஸி என்னுடையது.
ஜப்பானிலிருந்து வலப்பக்க ஸ்டீயரிங்கோடு வந்து இறங்கிய வேன்.
எனக்கு முன் மூன்று பேர் ஓட்டியது;
மூன்று பேரும்
"ஆயிலெல்லாம் இப்போதுதான் மாற்றினேன்" என்றவர்கள்.

நவம்பர் கடைசியில் அது முனக ஆரம்பித்தது.
நேர்சாலையில் ஒன்றுமில்லை.
சந்தை வாசலில், பெட்ரோல் பங்கில்,
முழுதாக ஒடித்துத் திருப்பும்போது மட்டும்
பின்னாலிருந்து கட் கட் கட் என்று ஓர் உதறல்.
வெள்ளிக்கிழமை வாடிக்கை பெர்மெத், பல் டாக்டர்,
மடியில் கேக் பெட்டியோடு சொன்னாள்:
"உன் வண்டி தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறது, சைராகுல்."
நான் சிரிக்கவில்லை.
தொலோன் கணவாய் இனிமேல்தான்.

வளைவில் உள்சக்கரத்துக்கு நடை குறைவு,
வெளிச்சக்கரத்துக்குக் கூடுதல்.
இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து
உனக்கு இவ்வளவு, அவனுக்கு அவ்வளவு என்று பிரித்துக்கொடுக்கும்
அந்த வார்ப்பிரும்புப் பூசணிக்குள்
எந்த ஆயில் கிடக்கிறதோ, யார் கண்டது.

மெலிஸின் கடை ஒரு சரக்குப்பெட்டி,
உள்ளேயும் தெருவின் குளிர்தான்.
அவன் எடுத்து வைத்தது எண்பது-தொண்ணூறு, பாதி விலை.
"ஆயில்னா ஆயில்தான் அக்கா."
வாதாடவில்லை. ஒரு சின்னக் குப்பியில் ஊற்றித் தரச் சொன்னேன்,
எழுபத்தைந்து-தொண்ணூறில் இன்னொரு குப்பி.
இரவு முழுக்க இரண்டும் ஜன்னலுக்கு வெளியே.
விடியும்போது பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
சாய்த்தேன்.
ஒன்று மெதுவாக, ஆனால் மனசோடு, நகர்ந்தது.
மற்றது கவிழ்த்தபிறகும் யோசித்துக்கொண்டே இருந்தது.
கொடுத்த கடனைக் கேட்டால்
என் சின்ன மச்சான் இப்படித்தான்.

பாதிக் கேள்வி தீர்ந்தது. மீதி வண்டிக்கு அடியில்.
மல்லாந்து படுத்துக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டினேன்:
சேறு, உப்பு, எப்படியோ ஆட்டு ரோமம்,
அதற்கும் உள்ளே ஒரு தகர வில்லை.
ஜப்பானிய எழுத்துகளுக்கு நடுவே எனக்குத் தெரிந்தவை மூன்று,
எல். எஸ். டி.
ஆக, உள்ளே தட்டுகள் இருக்கின்றன.
பனியில் ஒரு சக்கரம் வீணாய்ச் சுழன்றால்
ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் உராய்வுத் தட்டுகள்.
அவற்றுக்கு வெறும் வழுக்கல் போதாது,
பிடிக்கவும் தெரிய வேண்டும், விடவும் தெரிய வேண்டும்;
அதற்கான மருந்து கலந்த ஆயில் தனி.
மூவரில் ஒருவர் இந்த வில்லையைப் படிக்காமலே ஊற்றியிருக்கிறார்.
படித்துவிட்டும் ஊற்றியிருக்கலாம்.
விலை இரண்டு மடங்கு.

கொடுத்தேன். இரண்டு பிஷ்கெக் நடையின் காசு.

நிரப்பும் திருகைத்தான் முதலில் கழற்ற வேண்டும்.
இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.
பழைய வேனில் அடித்திருகைத் திறந்து எல்லாம் வடித்துவிட்டு,
மேல்திருகு துருவேறி அசையாமல்,
காலி வயிற்றோடு ஒன்பது நாள் அது முட்டுக்கட்டைமேல் நின்றது.

வடிந்தது கறுப்பு. கந்தக நாற்றம்
கையுறையில், மஃப்ளரில், ராத்திரி ரொட்டியில்.
திருகின் காந்தத்தில் சாம்பல்நிறப் பஞ்சு.
விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தேன்,
முள் இல்லை, சில்லு இல்லை.
பெர்மெத்துக்குப் படம் அனுப்பினேன்.
"பல் தப்பித்தது. ஈறுதான்" என்று பதில்.

துளைவாயில் திரும்பி வழியும்வரை புதியதை ஏற்றினேன்.

மாலையில் மாட்டுச்சந்தைத் திடல் காலி.
முதல் கியரில் எட்டுப் போட்டேன்,
இடமாக ஒரு வட்டம், வலமாக ஒரு வட்டம்,
தட்டுகளின் இடுக்கில் ஆயில் நுழையட்டுமென்று.
மூன்றாவது எட்டில் உதறல் அரைகுறை.
ஏழாவதில் ஒரே ஒரு கட்.
பதினொன்றில் கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தேன்,
பனி நொறுங்குகிறது, அவ்வளவுதான்.

காவல்காரன் டார்ச்சோடு வந்தான்.
"எதையாவது தொலைத்துவிட்டாயா?"

"இல்லை" என்றேன்,
"இன்னும் ஓர் எட்டு
போய்விட்டு வந்துவிடுகிறேன்."