சீரகம் சத்தம் போடாது

கடுகென்றால் வெடிக்கும்.
இருபத்திரண்டு வருசம் எஞ்சின் பக்கம் நின்ற காதுக்கு
அது போதும்.
சீரகம் அப்படியில்லை.
முதல் நாள், வெடிக்குமென்று காத்தே நின்றேன்.
கருகிக் கசந்ததைக்
கொல்லைக் கோழிகூடக் கொத்தவில்லை.

தடைக்காலம்.
தங்கச்சிமடத்தில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கின்றன.
செலஸ்தீனா ஐந்தரை மணி வேனில்
மண்டபம் நண்டு கம்பெனிக்குப் போய்விட்டாள்.
எது சோம்பு, எது சீரகமென்று
போனில் கேட்டேன்.
"ஒல்லியா இருக்கும்ல, அது" என்றாள்.
பின்னால்
ஒரு மேசையே சிரித்தது.

"மணம் வந்ததும் வெங்காயத்தப் போடு."

மணம்.
டீசல் தின்றுவிட்ட மூக்கு இது.
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகவே குனிந்து பார்க்கிறேன்.
சன்னல்வழி கச்சான் புகுந்து தீயைச் சாய்க்கிறது,
உடம்பால் மறைத்து நிற்கிறேன்.
ஒவ்வொரு விதையைச் சுற்றியும் பொடிக்குமிழி.
விதை முதுகில் மெல்லிய கோடுகள்.
மங்குகின்றன,
மங்குகின்றன,
இப்போது!
வெங்காயம், பச்சைமிளகாய்,
தேங்காய்ப்பால் பிறகு,
அலசி வைத்த காரல் கடைசியில்.
சொதியை நக்கிப் பார்த்தேன்.
உப்பு சரி. மற்றது எனக்குத் தெரியாது.

இருட்டிய பின் வந்தாள்,
எலுமிச்சைக்கும் போகாத நண்டுவாடை விரல்களோடு.
ஒரு செருப்பைக் கழற்றியவள்
மறு செருப்போடு நின்று
மூச்சை இழுத்தாள்.
ஆயில் கேஜைப் பார்ப்பதுபோல்
அவள் மூக்கையே பார்த்திருந்தேன்.

"யாரு வந்து தாளிச்சுக் குடுத்தா?" என்றாள்.