ஒன்பதாவது வரி

நவம்பர் இருபத்தெட்டு, இரவு வண்டி.
திருப்பாதிரிப்புலியூரில் ஏறினால் விடியலில் எழும்பூர்.
அங்கிருந்து சென்ட்ரலுக்கு ஆட்டோ பேரம் பேச மட்டும்
கால் மணி நேரம் தனியாக ஒதுக்கியிருந்தேன்.

அறுபது நாள் முன்பே
கருவூல அலுவலகத்தில் யாரும் வருமுன்
நானும் அமலோற்பவமும்
ஆளுக்கொரு கணினி முன் உட்கார்ந்து பிடித்த சீட்டு.
அவளுக்குக் கீழ்ப்படுக்கை. முழங்கால்.

பழைய பேரேட்டின் பின்தாளில் கோடு போட்டேன்.
ஊர், தேதி, பகல், இரவு, எடுக்க வேண்டியது.
எட்டு ஊர், எட்டு வரி.

ஜெய்சல்மேர்: பகலில் பருத்திப் புடவை போதும்,
பொழுது சாய்ந்ததும் காலுறை இரண்டு அடுக்கு.
அமிர்தசரஸ்: மூடுபனி.
வண்டி ஆறு மணி நேரம் தாமதம் என்றே வைத்துக்கொள்,
அடுத்த வண்டியை அதே நாளில் போடாதே.
சிம்லா: தேங்காய் எண்ணெய் கல்லாகிவிடும்,
நல்லெண்ணெய் எடு.
"நல்லெண்ணெய்த் தலையோட போட்டோ எடுக்கணுமா?"
என்றாள் அமலோற்பவம்.
சிரபுஞ்சி: டிசம்பரில் மழை இல்லை.
குடிக்கத் தண்ணீர் தேடி நடப்பார்களாம் அந்த மாதம்.
குடை வேண்டாம் என்று எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

மஞ்சக்குப்பத்தில் கம்பளிக் குல்லாய் கேட்டோம்.
கடைக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி
ரசகற்பூர வாசனையோடு ஒன்றை எடுத்துப் போட்டார்,
உள்ளங்கை அகலம், உச்சியில் மஞ்சள் குஞ்சம்.
"கொழந்தைக்கு எத்தன மாசம்?"
"அம்பத்து மூணு வருஷம்" என்று
அதையே இழுத்து மாட்டிப் பார்த்தாள்.
காது வரை வந்தது. வாங்கிவிட்டாள்.

இருபத்தாறாம் தேதி
துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு.
மறுநாள் மூன்று.
ஊர் மழைதானே என்றேன்,
செல்போனில் சிம்லாவின் பனியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தபடி.

இருபத்தெட்டு இரவு
நடைமேடையில் நாங்களும் இரண்டு பெட்டிகளும் ஒரு நாயும்.
கெடிலத்தில் தண்ணீர் பாலத்தை இடிக்கிறதாம்.
ஒலிபெருக்கி வருந்துகிறோம் என்றது
மூன்று மொழியில்.

கூரை ஒழுகாத இடம் தேடி
பெஞ்சை நாலு முறை மாற்றினோம்.
என் பெட்டியில் வெயிலுக்குக் கண்ணாடி, பனிக்கு களிம்பு,
மலைப்பாதை வாந்திக்கு மாத்திரை, உறையாத எண்ணெய்.
நனையாமல் நிற்க ஒன்றுமில்லை.
குஞ்சம் வைத்த குல்லாயை
அமலோற்பவம் இங்கேயே போட்டுக்கொண்டாள்.

"தாளைக் குடு."
என் எட்டு வரிக்கும் கீழே
கோடு போடாத இடத்தில் எழுதினாள்:
கடலூர். குடை ரெண்டு.
ரெண்டு நாள் முன்னாலயே கிளம்பு.

பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தவன் சொன்னான்,
பண்ருட்டி சுற்றி விழுப்புரத்துக்கு
ஒரு பஸ் போகுதாம், இன்னும் எடுக்கலையாம்.
சென்ட்ரல் வண்டி காலை பத்துக்கு.
விரலில் எண்ணிப் பார்த்தேன்,
அவள் அதற்குள் பெட்டியைத் தூக்கிவிட்டாள்.
தாளை ஒரு பால் கவருக்குள் மடித்துச் செருகிக்கொண்டு
குஞ்சத்தின் பின்னால் ஓடினேன்.